காலி வீட்டில் காய்ந்த வெந்நீர்

ராயபுரம், ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்

2023 ஜனவரியில் மின்வாரியக் கணக்கெடுப்பவர் வந்து எழுதிவிட்டுப் போன இரண்டு மாத மின் அளவு 540 யூனிட். தொகை 2,270 ரூபாய். முந்தைய செப்டம்பரில் கட்டணத்தை உயர்த்தியிருந்தார்கள், அது தெரியும். ஆனால் 480, 490 என்று விளிம்பிலேயே நின்றுகொண்டிருந்த எங்கள் வீடு 500-ஐத் தாண்டியது அதுவே முதல் முறை. அதுவும் மின்விசிறி பாதி நாள் ஓய்வெடுக்கும் மார்கழியில்.

பழி உடனே மருமகள் மேல் விழுந்தது. வேலை முடிந்து இரவு ஒன்பதரைக்கு வருவாள். வந்ததும் ஒரு வாளி வெந்நீரில் குளித்துவிட்டுத்தான் சாப்பாட்டில் உட்காருவாள். என் மனைவி அவளிடம் நேரடியாக எதுவும் சொல்லமாட்டாள். "ராத்திரியில் எதற்கு இந்தக் குளியல்" என்று சமையலறைச் சுவரிடம் கேட்பாள். சுவருக்குக் காது உண்டோ இல்லையோ, மருமகளுக்கு உண்டு. நான் நடுநிலையாளர் போலச் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் செய்யாறு பக்கம் மைத்துனர் பேத்திக்குக் காதுகுத்து. வெள்ளி விடியற்காலை கிளம்பி திங்கள் விடியற்காலை திரும்பினோம். மூன்று நாள் ஆளில்லை என்பதால் பிரிட்ஜைக் கூடக் காலி செய்து அணைத்துவிட்டுத்தான் போனோம். பூட்டும்போது மீட்டரைக் கைப்பேசியில் படம் பிடித்தேன். அந்தத் தொகையைப் பார்த்த பிறகு எனக்கு ஒட்டிக்கொண்ட வழக்கம் அது. திரும்பி வந்து பார்த்தால் மீட்டர் 3.9 யூனிட் முன்னேறியிருந்தது. இன்வெர்ட்டர் கிடையாது, மோட்டார் ஓடவில்லை, வீட்டில் பல்லியைத் தவிர யாருமில்லை.

மருமகள்தான் குளியலறை வாசலில் நின்று கூப்பிட்டாள். "மாமா, இங்கே வந்து பாருங்கள்." கீசர் சுவிட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் ஊரில் இல்லாத மூன்று நாளும் 25 லிட்டர் தண்ணீர் யாருக்காகவோ சுடச்சுடக் காத்திருந்திருக்கிறது.

அணைக்க மறந்தது யார் என்ற கேள்விக்கே இடமில்லை, ஏனென்றால் அதை நாங்கள் அணைப்பதே இல்லை. ஆறு வருடத்துக்கு முன் கீசர் மாட்டிய தம்பி, "ஐயா, போட்டுப் போட்டு அணைத்தால்தான் கரண்ட் அதிகம் இழுக்கும். போட்டபடியே விட்டுவிடுங்கள், சூடானதும் தானாக நின்றுவிடும்" என்று சொல்லியிருந்தான். அதை வேதவாக்காக வைத்துக்கொண்டு, யாராவது அணைத்தால் மறுபடி போடுகிற ஆள் நான்தான்.

அன்று மாலை மருமகள் ஒரு தாளில் கணக்கு எழுதிக் காட்டினாள். 3.9 யூனிட்டை மூன்றால் வகுத்தால் ஒரு நாளைக்கு 1.3. இரண்டு மாதத்துக்கு 78 யூனிட். இது யாரும் ஒரு குவளை கூட மொள்ளாமல், தொட்டியின் சுவர் வழியாகக் காற்றுக்குப் போகிற சூடு. பக்கத்திலேயே தன் குளியலையும் எழுதியிருந்தாள்: 20 லிட்டர் வாளித் தண்ணீரை 26 டிகிரியிலிருந்து 42-க்குக் கொண்டுவர 0.37 யூனிட், இரண்டு மாதத்துக்கு 22. அந்த 78 இல்லாவிட்டால் எங்கள் அளவு 462, தொகை 1,497. வித்தியாசம் 773 ரூபாய். 78 யூனிட்டுக்கு இவ்வளவா என்று கேட்டேன். அப்போதைய கட்டணப்படி, 500-ஐத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு 8 ரூபாய் ஆவதோடு, 101 முதல் 200 வரை இருந்த 2.25 ரூபாய் விகிதமும் 4.50 ஆகிவிடுகிறது என்று விளக்கினாள். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள்.

அந்தத் தம்பி மோட்டாருக்கு உள்ள கதையைக் கீசருக்குச் சொல்லிவிட்டான் என்பது பிறகு புரிந்தது. மோட்டார் கிளம்பும் நொடியில் கூடுதலாக இழுக்கும். கீசருக்குள் சுழல்வது எதுவும் இல்லை. தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கும். அணைத்துவைத்தால் ஆற ஆற இழப்பும் குறையும். மறுபடி காய்ச்ச ஆகும் செலவு, போட்டே வைத்திருந்தால் விட்டுவிட்டு இழுத்திருக்கும் செலவை ஒருபோதும் தாண்டாது.

இப்போது காலை ஐந்தரைக்குப் போட்டு ஆறேகாலுக்கு அணைக்கிறோம். இரவு மருமகள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு அழைப்பு கொடுப்பாள், என் மனைவியே போய் சுவிட்சைப் போடுகிறாள். சுவரோடு பேச்சு நின்றுவிட்டது.

எண்ணூர், இல்லத்தரசி

ஐயா சொன்ன 78 யூனிட்டைப் படித்ததும் எனக்கு எங்கள் மாடிதான் நினைவுக்கு வந்தது. துணி உலர்த்தப் போனால் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி என்று வைத்தால், இப்படிப் போட்டபடியே விட்ட கீசர் ஒவ்வொன்றும் இரண்டு மாதத்தில் ஒரு மூட்டை நிலக்கரியைத் தின்றுவிடும். அதன் சாம்பல் எங்கள் பக்கத்து ஆற்றுக்குத்தான் வருகிறது. அங்கே தண்ணீரைக் கொதிக்கவைத்து மின்சாரம் எடுக்கிறார்கள், இங்கே அதே மின்சாரத்தைக் கொண்டு மறுபடி தண்ணீரைக் காய்ச்சுகிறோம். நினைத்தால் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பங்குனி பிறந்தால் கீசருக்கு விடுமுறை. மாடியில் கறுப்புத் தொட்டி. சித்திரையில் பகல் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் கை வைக்க முடியாது, இரவு எட்டு மணிக்கும் வெதுவெதுப்பு இருக்கும். ஆனாலும் என் மாமியார் கீசரைப் போட்டால்தான் குளித்த மாதிரி இருக்கிறது என்பார். ஒருநாள் சொல்லாமல் கீசரின் பிரேக்கரை இறக்கிவைத்தேன். "இன்றைக்குத் தண்ணீர் பதமாக இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐப்பசி வரை அது இறங்கியேதான் இருந்தது.

கொருக்குப்பேட்டை, வாடகைக் குடித்தனம்

ஒரே வாசலில் நான்கு குடும்பம், பொதுக் குளியலறை. கீசர் மாட்ட வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. தனி மீட்டர் வைத்து யூனிட்டுக்கு அவர் சொல்லும் விலையைத்தான் கொடுக்கிறோம். அதனால் எங்களிடம் இருப்பது 1,500 வாட் ஹீட்டர் ராடு. ஒரு வகையில் இது சிக்கனமானது. வேண்டிய ஒரு வாளிதான் காயும், தேங்கி நிற்பது எதுவுமில்லை. கால் மணி நேரத்தில் குளிக்கும் பதம் வந்துவிடும்.

ஆனால் மறந்தால் தொலைந்தது. போன மழைக்காலத்தில் என் தங்கை ராடைப் போட்டுவிட்டு ஊரிலிருந்து வந்த அழைப்பில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டாள். வாளி விளிம்பு நெகிழ்ந்து வளைந்து, அறை முழுக்க ஆவி. இரண்டு நாள் குளியலுக்கான மின்சாரம் கூரைக்குப் போயிற்று. அன்றிலிருந்து சுவிட்சைப் போடும் கை முதலில் கைப்பேசியில் அலாரம் வைக்க வேண்டும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கும் வரை தண்ணீரில் விரல் வைத்துப் பார்ப்பதும் கூடாது. இது கரண்டுச் செலவு விஷயம் அல்ல, உயிர் விஷயம்.

வியாசர்பாடி, எலக்ட்ரீசியன்

எங்கள் தொழிலில் கீசரைப் போட்டபடியே விடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், ஐயா. மன்னிக்க வேண்டும். பதிலுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன்.

உங்கள் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். கீசரைத் திறந்தால், தண்ணீரைக் காய்ச்சும் கம்பிச்சுருளான காயிலின் மேல் சுண்ணாம்பு விரல் தடிமனுக்குப் படிந்திருக்கும். அதனால் பில் எகிறுகிறது என்று சொல்லி சர்வீஸ் செய்ய வருவார்கள். அதை முழுதாக நம்பாதீர்கள். காயில் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிறது, அதன் சூடு வேறெங்கும் போக வழியில்லை. சுண்ணாம்பு செய்கிற கெடுதல் வேறு: சூடு உடனே தண்ணீருக்கு இறங்காமல் காயில் தானே வெந்து சீக்கிரம் போய்விடும். உள்ளே மக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். தொட்டியை அரிக்கும் உப்பு முதலில் அதைத் தின்னட்டும் என்று வைத்தது. அது கரைந்து தீர்ந்தால் அடுத்தது தொட்டிதான். சர்வீஸ் செய்யும்போது அதைக் கண்ணால் பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது, எந்தச் சூட்டில் கீசர் தானாக நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் தெர்மோஸ்டாட். பல கீசர்களில் அடிப்பக்கம் குமிழ் இருக்கும், சிலவற்றில் மூடிக்குள் இருக்கும். மூடிக்குள் இருந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள். 75 டிகிரியில் காய்ச்சிப் பச்சைத் தண்ணீர் கலப்பதைவிட 60 போதும், தொட்டியும் குறைவாகவே சூட்டை இழக்கும். செலவைக் குறைக்க 45-க்கு இறக்கி நாள்கணக்கில் தேக்கி வைக்க வேண்டாம், கிருமி வளர்கிற வெதுவெதுப்பு அது. புதிதாக வாங்கினால் நட்சத்திரக் குறியைப் பாருங்கள். கீசருக்கு நட்சத்திரம் கொடுப்பதே, போட்டு வைத்தால் சும்மா எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதை வைத்துத்தான்.

ராயபுரம், ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்

வியாசர்பாடித் தம்பி சொன்னபடி பார்த்தேன். குமிழ் வெளியேதான் இருந்தது, கடைசி எண்ணில். வாங்கிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டோம். 60-க்குத் திருப்பினேன். நேற்று இரவு மருமகள், "சூடு போதவில்லையே மாமா" என்றாள். விசாரித்ததில், பழைய ஞாபகத்தில் நான்கு குவளை பச்சைத் தண்ணீரை முதலில் வாளியில் ஊற்றிவிட்டுத்தான் வெந்நீரைத் திறந்திருக்கிறாள். இன்று இரண்டு குவளையோடு பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.