புதுப்பிப்பு: தறிக்கூலிக் கணக்கு மென்பொருளுக்கு ஆதரவு கிடைத்ததா?

கோவை மாவட்டம் சோமனூர்ப் பக்கத்து விசைத்தறிகளுக்காக நாங்கள் எழுதிய இலவசத் திறமூல (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) கூலிக் கணக்கு மென்பொருளுக்கு எந்த நிறுவனமாவது கை கொடுக்குமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

நிரலாளர்களுக்கான கருவிகள் செய்யும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் திறமூலத் திட்டங்களுக்குத் தரும் இலவச உரிமம் கிடைத்துவிட்டது. பணம் இல்லை, அவர்களுடைய நிரல் எழுதும் கருவிகள் ஒரு வருடத்துக்கு இலவசம், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். திட்டத்தில் வணிக நோக்கம் கூடாது என்பது நிபந்தனை. சிக்கலே அங்கேதான். பாவு (தறியில் ஏற்றும் நெடுக்கு நூல்) நம்பர், நெய்த துணியின் பீஸ் மீட்டர், கூலி மூன்றும் ஒரே சீட்டில் அச்சாகி வருவதைப் பார்த்த தறிக்காரர் ஒருவர், “மாசாமாசம் ஏதாச்சும் தர்றனுங்க, மக்கர் பண்ணுனா வந்து பாத்துக் குடுங்க” என்றார். காசு வாங்கிக்கொண்டு சர்வீஸ் செய்தால் உரிமத்துக்கான தகுதி போய்விடும். இப்போதைக்கு டீயோடு நிறுத்திக்கொண்டோம்.

பணமாகவே தருவது, பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா திறமூல மென்பொருள்களுக்காக வைத்திருக்கும் ஃப்ளாஸ் ஃபண்ட் என்ற நிதி. 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். ஆண்டுக்கு 10 லட்சம் டாலர், ஒரு திட்டத்துக்கு 10,000 முதல் 1,00,000 டாலர் வரை. யார், என்ன திட்டம், எவ்வளவு தேவை என்று ஃபண்டிங்.ஜேசன் (funding.json) என்ற கோப்பில் எழுதி வைத்தால் அதுதான் விண்ணப்பத்துக்கு அடிப்படை. உலகம் முழுக்கப் புழங்கும் மென்பொருள்களோடு நாங்கள் போட்டி போட முடியுமா என்பது சந்தேகம்தான். இருந்தாலும் கோப்பைப் போட்டாயிற்று.