கிராஸில் வெட்டிய கவுனின் அடி இறங்குகிறது: மதலீன் வியோனே எப்படி வெட்டினார்?

தையல்காரி, திருவையாறு:
எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு ஆடிப்பெருக்குக்காகக் கிரேப் துணியில் நீளக் கவுன் தைத்துக் கொடுத்தேன். முழுவதும் கிராஸ் கட்டிங், அதாவது துணியை மூலைவாட்டில் வெட்டுவது. கொடுத்த அன்று அடி சீராக இருந்தது. ஆற்றில் காதோலை கருகமணி விட்டுத் திரும்பும்போது அங்கங்கே இரண்டு விரற்கடை இறங்கித் தரையில் புரண்டது. "அளவெடுக்கத் தெரியாதா?" என்று அவள் அம்மா கேட்டுவிட்டார். இரவெல்லாம் தூக்கமில்லை.

கிராஸ் கட்டிங்கிலேயே பெயர் வாங்கியவர் மதலீன் வியோனே என்ற பிரெஞ்சு அம்மையார் என்று தையல் வகுப்பில் சொன்னார்கள். அவர் யாரிடம் கற்றார், எப்படி வெட்டினார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய கத்தரி, கும்பகோணம்:
அளவில் பிழை இல்லையம்மா. பாவும் (நீள இழை) ஊடையும் (குறுக்கு இழை) நேராக நின்றால் துணி இழுபடாது. மூலைவாட்டில் தொங்கினால் இரண்டும் சரிந்து, நீளம் கூடி அகலம் குறையும். துண்டின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், கைக்கே தெரியும்.

வியோனே 1876-இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே பள்ளியை விட்டுத் தையல் வேலைக்குப் போனவர். நான் காஜா (பொத்தான் துளை) எடுக்கக் கடைக்குப் போனதும் அந்த வயதில்தான். பதினெட்டில் திருமணம், பிறந்த குழந்தை தங்கவில்லை, கணவரைப் பிரிந்து லண்டனுக்குப் போய்த் தைத்தார். பிறகு பாரிஸில் கலோ சகோதரிகளின் உடை நிறுவனத்தில் வேலை, அதன்பின் தூசே என்ற உடை நிறுவனம். பெண்கள் கார்செட்டால் இடுப்பை இறுக்கிக்கொண்டிருந்த காலத்தில், கார்செட் இல்லாமல், வெறுங்காலோடு மாடல்களை நடக்கவைத்தார். 1912-இல் சொந்தக் கடை. முதல் உலகப் போர் வந்ததும் மூடி, முடிந்தபின் மறுபடி திறந்தார்.

அவர் தாளில் வரைந்து வெட்டுபவர் அல்லர். ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் உயர மரப் பொம்மையைப் பியானோ முக்காலியில் நிறுத்தி, அதன்மேலேயே துணியைச் சுற்றி ஊசி குத்தித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கிராஸுக்கு அகலம் போதாதென்று வழக்கத்தைவிட மிக அகலமாகத் துணியை நெய்யச் சொல்லி வாங்கினார். மாதிரியைத் திருடுபவர்கள் தொல்லைக்காக லேபிளில் கையெழுத்தோடு தன் கட்டைவிரல் ரேகையையும் பதித்தார்.

ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அவரிடம் வேலை பார்த்தார்கள். சம்பளத்தோடு விடுப்பு, பிரசவ விடுப்பு, உணவுக்கூடம், மருத்துவர், பல் மருத்துவர் எல்லாம் உண்டு. உட்கார முக்காலி இல்லை, முதுகு சாய நாற்காலி! நாற்பது வருடம் சாய்வில்லாத பெஞ்சில் குனிந்தே முதுகைக் கெடுத்துக்கொண்டவன் நான். அதைப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. 1939-இல் கடையை மூடினார். 1975 வரை வாழ்ந்தார்.

இனி கிராஸில் தைத்தால் அடி மடிக்காமல் இரண்டு நாள் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். உள்ளறையில் விடுங்கள், ஆடிக் காற்று படவேண்டாம். பிறகு போடுபவரை நிற்கவைத்து, தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சாக்பீஸால் குறித்து வெட்டுங்கள்.

தறிக்காரர், திருபுவனம்:
கிரேப்பின் இழை நன்றாக முறுக்கேறியது, கிராஸில் அழகாக வழியும். அதை நம்பி எங்கள் ஜரிகைப் பட்டுப் புடவையை அப்படி வெட்டிவிடாதீர்கள், அக்கா. புடவையின் உடல் நீளும், ஜரிகைக் கரை நீளாது. சேருமிடத்தில் சுருக்கம் விழும். போன மாதம் ஒரு புடவையை அப்படி வெட்டிக் கொண்டுவந்து காட்டினார்கள். நாள்கணக்காகத் தறிக்குழியில் கால் மிதித்து நெய்தது. பார்க்கப் பொறுக்கவில்லை.

தையல்காரி, திருவையாறு:
ஐயா, கவுனைத் திருப்பி வாங்கி, அடித்தையலைப் பிரித்துத் தொங்கவிட்டேன். இரண்டு நாளில் இடப்பக்கம் இன்னும் அரை விரற்கடை இறங்கியது. அவளை முக்காலியில் நிற்கவைத்துக் குறித்து வெட்டினேன். இப்போது சுற்றிலும் ஒரே மட்டம்.

நேற்று இரவு கொலுப் பெட்டியிலிருந்து மரப்பாச்சியை எடுத்தேன். ஒரு சாண் உயரம்தான். கிரேப் துண்டை மூலைவாட்டில் சுற்றி நான்கு ஊசி குத்தினேன். இடுப்பில் ஒரு பிடிப்புத் தையல்கூட இல்லை, அப்படியே ஒட்டி நின்றது.