தங்கச்சி குடும்பத்துக்கு பேஸ்மென்ட் வாடகை: வரி, ஒப்பந்தம் எப்படி?

கேள்வி: கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வீடு. பேஸ்மென்டில் தனிக் குசினி, பாத்ரூம், தனி வாசல் இருக்கு. தங்கச்சி குடும்பத்துக்குச் சந்தை வாடகையைவிடக் குறைத்துக் கொடுக்கலாமா? வருமானமாகக் காட்ட வேணுமா?

பதில் 1: தாராளமாகக் கொடுக்கலாம் அண்ணா. ஆனால் சொந்தக்காரருக்குக் குறைத்துக் கொடுத்து நட்டம் வந்தால், அதை வரியில் கழிக்க சிஆர்ஏ (கனடா வருமான வரித்துறை) விடாது. ஹைட்ரோ (மின்சாரம்), தண்ணீர்ச் செலவில் பங்கு மட்டும் வாங்கினால் அது செலவுப் பகிர்வு. வருமானமாகக் காட்டத் தேவையில்லை, செலவும் கழிக்க முடியாது. சந்தை வாடகை என்றால் வாடகை வருமானம் காட்டும் டி776 படிவத்தை நிரப்புங்கோ. கட்டடம் பழசாவதற்கான தேய்மானத்தைச் செலவாக மட்டும் கழிக்கவே வேண்டாம்: வீட்டை விற்கும்போது அந்தப் பகுதிக்கு முதன்மை வசிப்பிட வரிவிலக்கு (குடியிருக்கும் சொந்த வீட்டை விற்ற லாபத்துக்கு வரி இல்லை என்ற சலுகை) போய்விடும்.

பதில் 2: குசினியும் பாத்ரூமும் தனி என்பதால் தங்கச்சி சட்டப்படி வாடகைக்காரர்தான். மாகாணத்தின் நிலையான ஒப்பந்தப் படிவத்தில் கட்டாயம் கையெழுத்து வாங்குங்கோ. முற்பணம் கடைசி மாத வாடகை மட்டும். சேத வைப்புத்தொகை கேட்கக் கூடாது. வாடகை கூட்ட 90 நாள் எழுத்து அறிவித்தல் வேணும்.

பதில் 3: காப்புறுதி நிறுவனத்துக்கு முதலே சொல்லுங்கோ. சொல்லாமல் விட்டால், தீப்பிடித்த பிறகு இழப்பீட்டை மறுக்கலாம். ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் அடுப்பு) அறைக் கூரையில் குழாய் போகும் ஓட்டையைப் பாருங்கோ. அடைக்காமல் விட்டால் தீப்பிடிக்கும்போது புகை நேரே மேலே ஏறும்.