ஜேனிஸ் ஜாக்சன் காலத்து சிகாகோ ஸ்கூல்ஸ்: உங்க அனுபவத்தை எழுதுங்களேன்

சவுத் லூப் அப்பா:
சிகாகோ பப்ளிக் ஸ்கூல்ஸ்ல (இங்க கவர்மென்ட் ஸ்கூலத்தான் அப்படிச் சொல்வாங்க) பசங்களைப் படிக்க வச்சவங்க, அங்க வேலை பாத்தவங்க யாராவது இருந்தா வாங்க. நானே ஆரம்பிக்கிறேன். நாங்க இந்த ஊருக்கு வந்த புதுசுல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் தலைமைன்னா நாற்காலி சூடு ஆறுறதுக்குள்ள ஆள் மாறிடும். அப்போ தலைவியா இருந்த பார்பரா பேர்ட்-பென்னட் கான்ட்ராக்ட்ல கமிஷன் கேஸ்ல 2015ல குத்தத்தை ஒத்துக்கிட்டாங்க, அப்புறம் வந்த ஃபாரஸ்ட் கிளேபூல் விசாரணைல பொய் சொன்னார்னு இன்ஸ்பெக்டர் ஜெனரல் ரிப்போர்ட் குடுத்து 2017 டிசம்பர்ல கிளம்பிட்டாரு. அந்த நேரத்துல மேயர் ரஹம் இமானுவேல் சிஇஓ-வா, அதாவது டிஸ்ட்ரிக்டோட தலைமை அதிகாரியா, கொண்டுவந்தவங்க தான் ஜேனிஸ் ஜாக்சன். அப்போ இங்க மேயர் தான் சிஇஓ-வ போடுவாரு, 1995ல இருந்து அப்படித்தான் இருந்துச்சு.

இவங்க வெளியில இருந்து வந்த மேனேஜர் இல்ல. சவுத் சைட்ல பொறந்து இதே கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சு, 1999ல சவுத் ஷோர் ஹைஸ்கூல்ல சோஷியல் டீச்சரா சேந்து, 27 வயசுல ஆல் ரேபி ஹைஸ்கூல ஆரம்பிச்சு அதுக்கு ஹெட்டா இருந்தவங்க. அது ஈஸ்ட் கார்ஃபீல்ட் பார்க்ல இருக்கு, அந்தப் பக்கம் போனவங்களுக்கு ஏரியா எப்படின்னு தெரியும். அப்புறம் வெஸ்டிங்ஹவுஸ் ஹைஸ்கூலுக்கு ஹெட். அவங்க பொண்ணும் அப்போ பப்ளிக் ஸ்கூல் தான், எனக்கு அது ஒண்ணே போதும்.

என் பெரியவன் ஹைஸ்கூல் 2020 பேட்ச். அந்த வருஷத்துல இருந்து தான் புது ரூல், பாஸ் ஆகணும்னா மார்க் மட்டும் பத்தாது, அடுத்து என்ன பண்ணப்போறேன்னு காலேஜ் லெட்டரோ வேலை ஆஃபரோ தொழில் பயிற்சியோ மிலிட்டரியோ ஏதோ ஒண்ணக் காட்டணும். ஜாக்சன் சிஇஓ ஆகறதுக்கு முன்னாடி, கல்வி அதிகாரியா இருந்தப்பவே 2017ல முடிவு பண்ணது. எங்க வீட்ல லெட்டர அப்லோட் பண்ணிட்டு அடுத்த வேலையப் பாத்தோம். ஆனா அவன் ஃப்ரெண்ட் ஒருத்தன் வீட்ல அப்பா அம்மா ரெண்டு பேருமே காலேஜ் வாசல மிதிக்காதவங்க, ஸ்கூல் கவுன்சிலர் (பசங்களுக்கு வழி காட்டுறவங்க) அவன விடாம துரத்தித் துரத்தி ஃபார்ம் நிரப்ப வச்சதெல்லாம் நான் பாத்தேன். கவுன்சிலர் இல்லாத ஸ்கூல்ல இந்த ரூல் என்ன ஆகும்னு அப்பவே ஒரு சந்தேகம் இருந்துச்சு, இன்னும் இருக்கு.

லக்ஷ்மி_அக்கா:
நான் ஸ்பெஷல் எட் (மாற்றுத்திறனாளி பசங்களுக்கான) கிளாஸ்ல அசிஸ்டென்ட். தம்பி எழுதுனது அப்பா சைடு, நான் உள்ள இருந்து சொல்றேன். 2018ல ட்ரிப்யூன் பேப்பர்ல ஸ்டூடன்ட்ஸ் மேல நடந்த பாலியல் கொடுமைய எல்லாம் வரிசையா போட்டாங்க, படிச்சிட்டு ராத்திரி தூக்கம் வரல. அந்த சம்மர்ல டீச்சர், கோச், வாலன்டியர்னு அத்தன பேருக்கும் பேக்ரவுண்ட் செக் திரும்ப முதல்ல இருந்து. பல வருஷமா வேல பாக்குறவங்களும் லைன்ல நின்னு கைரேக வச்சோம். சிலருக்கு அது அவமானமா இருந்துச்சு, எனக்கு இல்ல, இத முன்னாடியே பண்ணிருக்கணும்.

அப்புறம் 2019 அக்டோபர் ஸ்ட்ரைக். டீச்சர்ஸ் யூனியனும் எங்க யூனியனும் ஒரே நாள் இறங்குனோம், எங்களுது முன்னாடியே முடிஞ்சுது, டீச்சர்ஸ் 11 ஸ்கூல் நாள் வெளிய நின்னாங்க. குளிர்ல சிவப்பு டீஷர்ட்டும் ஊதா டீஷர்ட்டுமா ரோடே நிறஞ்சு கெடந்துச்சு. எல்லாரும் சம்பளத்துக்குன்னு நெனச்சாங்க, எங்க கத்தல் நர்ஸ் வேணும் சோஷியல் வொர்க்கர் வேணும்னு தான். கடைசில எல்லா ஸ்கூலுக்கும் தர்றோம்னு கான்ட்ராக்ட்ல எழுதி வாங்குனோம். ஜாக்சன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஆனா கிளாஸ்ரூம் எப்படி இருக்கும்னு தெரிஞ்ச ஆள் கிட்ட சண்ட போடறது வேற, தெரியாத ஆள் கிட்ட போடறது வேற, அத ஒத்துக்கணும்.

கணக்கு_வாத்தி:
அக்கா சூப்பர். நான் ஈவினிங் காலேஜ்ல கணக்கு டியூட்டர். ஜாக்சன் 2021 ஜூன்ல பதவிய விட்டுட்டு ஹோப் சிகாகோன்னு ஒரு டிரஸ்டுக்கு தலைவியா போனாங்கல்ல, பீட் கேடன்ஸ், டெட் கேனிக்னு ரெண்டு பணக்காரங்க ஆரம்பிச்சது. பத்து வருஷத்துல 100 கோடி டாலர் திரட்டி 30,000 பேர கடன் இல்லாம படிக்க வைக்கிறது டார்கெட். 2022 பிப்ரவரில அஞ்சு ஹைஸ்கூல அறிவிச்சாங்க, ஹுவாரஸ், ஃபராகட், மார்கன் பார்க், ஜான்சன், அப்புறம் அவங்களே ஆரம்பிச்ச அதே ஆல் ரேபி! ஃபீஸ் மட்டும் இல்ல, தங்குற செலவு புக்கு எல்லாம் சேத்து, அதுவும் டாப் மார்க் எடுத்தவனுக்கு மட்டும்னு இல்லாம அந்த ஸ்கூல் பசங்க எல்லாருக்கும்.

எனக்குப் புடிச்சது என்னன்னா பையன் கூட அப்பாவோ அம்மாவோ ஒருத்தரும் படிக்கலாம். என் கிளாஸ்ல நாப்பது தாண்டுன அம்மா ஒருத்தங்க, பகல் ஃபுல்லா வேல பாத்துட்டு வந்து பின்னத்தைப் பாத்து பயந்து ஒக்காந்திருப்பாங்க. அவங்க எந்த ஸ்காலர்ஷிப்னு நான் கேக்கல, ஆனா வீட்ல பையனும் அவங்களும் ஒரே டேபிள்ல ஹோம்வொர்க் பண்றோம்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. ஸ்காலர்ஷிப்னாலே பையன மட்டும் வீட்ட விட்டு தூக்கிட்டுப் போறதா தான் இருக்கும், இது வீட்டையே சேத்து நகத்துது.

எதிர்க்கேள்வி:
எல்லாம் சரி, ஆனா அஞ்சு ஸ்கூல் தானே? அப்போ டிஸ்ட்ரிக்ட்ல சுமார் மூணு லட்சத்து முப்பதாயிரம் பசங்க இருந்தாங்க. பக்கத்துத் தெரு ஸ்கூல் பையன் என்ன பாவம் பண்ணான். கோவிட்ல 2020 ஜூன்ல ஒரு லட்சம் பசங்களுக்கு ஃபிரீ இன்டர்நெட்னு சிகாகோ கனெக்டட் கொண்டுவந்தாங்க, 5 கோடி டாலர் திட்டம், நல்ல விஷயம் தான், ஆனா பெரிய டோனர்ல ஒருத்தர் கென் கிரிஃபின், பெரிய முதலீட்டு கம்பெனி ஓனர். அவரு 2022ல கம்பெனியத் தூக்கிட்டு மயாமி போறேன்னுட்டாரு. மனசு மாறுனா கிளம்பிடற ஆள நம்பி ஸ்கூல் நடத்தலாமா? டேக்ஸ் பணத்துல செய்ய வேண்டியது இது.

சவுத் லூப் அப்பா:
ப்ரோ பாயின்ட் சரி. ஆனா சிஇஓ சீட்ல இருந்தப்போ பட்ஜெட்டு, யூனியன், மேயர்னு மூணு பக்கமும் இழுபறி. ஒரு வீட்டுக்கு முழு காலேஜ் செலவ அந்தப் பதவியால குடுக்கவே முடியாது. வெளிய போனப்புறம் தான் முடிஞ்சுது, ஆனா அஞ்சு ஸ்கூலுக்கு மட்டும். ரெண்டையும் பாத்த ஆளுன்னு தான் நான் இவங்க பேர்ல திரி போட்டேன். 2024 நவம்பர்ல மொத தடவையா ஸ்கூல் போர்டுக்கு எலெக்ஷன் நடந்துச்சுல்ல, உங்க கேள்விய உங்க ஏரியா மெம்பர் கிட்ட கேளுங்க.

புதுசா_வந்தவன்:
என் பொண்ணு அந்த அஞ்சு ஸ்கூல்ல இல்ல. அப்ளை பண்ண வழி இருக்கா?

கணக்கு_வாத்தி:
அது ஸ்கூல வச்சு தான், தனியா அப்ளிகேஷன் கிடையாது. ஆனா சிட்டி காலேஜஸ்ல (சிகாகோ ஊரோட கவர்மென்ட் காலேஜ்) ஸ்டார் ஸ்காலர்ஷிப் பாருங்க, பப்ளிக் ஸ்கூல்ல முடிச்சு 3.0 ஜிபிஏ (மார்க் சராசரி) இருந்தா ஃபீஸ் இல்ல. ஃபாஃப்சா (அரசு கல்வி உதவிப் பணத்துக்கான ஃபார்ம்) கண்டிப்பா போடணும், அத கடைசி வாரம் வரைக்கும் தள்ளாதீங்க.