‘ஓங் பாக்’ பார்த்துவிட்டேன். அடுத்து எந்தத் தாய்லாந்துச் சண்டைப் படங்களைப் பார்க்கலாம்?

கேள்வி

2003இல் வெளிவந்த ‘ஓங் பாக்’ படத்தைச் சென்ற வாரம்தான் முதல்முறையாகப் பார்த்தேன். ஊர்க்கோயிலில் இருந்த புத்தர் சிலையின் தலையைத் திருடர்கள் கொண்டுபோய்விட, அதை மீட்பதற்காக ஒரு கிராமத்து இளைஞன் பாங்காக்குக்கு வருகிறான் என்பதற்கு மேல் அதில் கதை இல்லை. ஆனாலும் சந்துகளுக்குள் நடக்கும் அந்தத் துரத்தலையும், நாயகன் டோனி ஜா முள்கம்பி வளையத்துக்குள் உடலைச் செலுத்தி மறுபுறம் வந்து நிற்கும் இடத்தையும் மூன்று முறை திரும்பப் பார்த்தேன். ஹாங்காங் படங்களில் பழகிய என் கண்ணுக்கு இந்த அடிகள் கனமானவையாகத் தெரிகின்றன. அதற்குக் காரணம் என்ன? இதே தரத்தில் வேறு படங்கள் இருக்கின்றனவா? இதன் அடுத்த பாகங்களையும் பார்க்கலாமா? பெண்ணை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட படம் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

முதல் பதில்

அடுத்ததாக, தயங்காமல் 2005இல் வந்த ‘டாம் யம் கூங்’ படத்தைப் பாருங்கள். இயக்குநர் பிரச்யா பிங்க்கேவ், சண்டை அமைப்பாளர் பன்னா ரித்திக்ராய், நாயகன் டோனி ஜா என்ற அதே மூவரின் கூட்டணிதான் இதிலும். தான் வளர்த்த யானைகளைக் கடத்தியவர்களைத் தேடி நாயகன் சிட்னிக்குப் போகிறான். அங்கே ஓர் உணவகத்தின் அடித்தளத்திலிருந்து மேல்தளம் வரை, வழிமறிக்கும் ஒவ்வொருவரையும் வீழ்த்திக்கொண்டே அவன் படியேறும் காட்சி, ஏறத்தாழ 4 நிமிடங்களுக்கு ஒரு வெட்டுகூட இல்லாமல் ஒரே ஷாட்டில் ஓடுகிறது. முதல் தளத்தில் இருந்த வேகம் மேலே போகப்போகக் குறைவதையும், அவன் மூச்சு வாங்குவதையும் கவனியுங்கள். அந்தக் களைப்பு நடிப்பன்று என்பதுதான் அக்காட்சியின் உயிர்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் ‘தி புரொடெக்டர்’ என்ற பெயரில் வெளியான பிரதியில் 20 நிமிடங்களுக்கும் மேல் வெட்டியதோடு பின்னணி இசையையும் மாற்றிவிட்டார்கள். தாய்லாந்து மொழியிலேயே உள்ள முழு நீளப் பிரதியைத் தேடிப் பாருங்கள்.

பெண் முதன்மைப் பாத்திரம் கேட்டிருந்தீர்கள். 2008இல் வந்த ‘சாக்லேட்’ படத்தில் ஜீஜா யானின் ஆட்டிசம் கொண்ட ஒரு பெண்ணாக வருகிறார். பக்கத்தில் நடக்கும் முவே தாய் என்ற தாய்லாந்துச் சண்டைக் கலையின் பயிற்சியையும் தொலைக்காட்சியில் ஓடும் சண்டைப் படங்களையும் பார்த்தே கற்றுக்கொள்ளும் அந்தப் பெண், நோயுற்ற தாயின் மருத்துவச் செலவுக்காகப் பழைய கடன்களை வசூலிக்கக் கிளம்புகிறாள். கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் குறுகிய விளிம்புகளில் நடக்கும் இறுதிச் சண்டையில், ஆட்கள் ஒவ்வொருவராகக் கீழே விழுவதைப் பார்க்கையில் நம் வயிறு சுருங்கும். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது எழுந்துவிடாதீர்கள். படப்பிடிப்பில் யார் யாருக்கு எங்கே அடிபட்டது என்பதை அங்கேதான் காட்டுகிறார்கள்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னவரோடு நான் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் பன்னா ரித்திக்ராயை வெறும் சண்டை அமைப்பாளர் என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனமில்லை. 2014இல், 53 வயதில், அவர் மறைந்தார். டோனி ஜாவைச் சிறுவயதிலிருந்தே பயிற்றுவித்தவர் அவர்தான். கயிறு கட்டித் தூக்காமலும் கணினி வரைகலையை நம்பாமலும் மனித உடலால் எதைச் செய்ய முடியுமோ அதை மட்டும் படமாக்குவது என்ற பிடிவாதத்தை, பெரிய பணம் இல்லாமல் எடுக்கப்பட்ட தம் பழைய படங்களிலிருந்தே அவர் கொண்டுவந்தார். அந்தப் பழைய படங்களில் ஒன்றின் பெயரை மீண்டும் சூட்டி 2004இல் அவர் இயக்கிய ‘பார்ன் டு ஃபைட்’ படத்தைத்தான் நான் முதலில் பரிந்துரைப்பேன்.

ஓடும் லாரிகளின் மேல் நடக்கும் சண்டையோடு அந்தப் படம் தொடங்குகிறது. பிறகு ஆயுதக் கும்பல் ஒன்று ஒரு கிராமத்தையே பிணையாகப் பிடிக்கிறது. அடங்கிக் கிடக்கும் ஊர்மக்கள் வானொலியில் தேசியகீதம் ஒலிக்கும்போது ஒருசேர எழுந்து நிற்பதும், அங்கே வந்திருந்த விளையாட்டு வீரர்கள் தத்தம் கலையையே ஆயுதமாக்கிக்கொள்வதும் படத்தின் பிற்பாதி. பந்தை உதைப்பவர் உதைத்தே வீழ்த்துகிறார். ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்றவர் குட்டிக்கரணம் அடித்தே எதிரியை எட்டுகிறார்.

‘ஓங் பாக்’ இரண்டாம் பாகத்துக்கு முதல் பாகத்தோடு கதைத் தொடர்பு கிடையாது. அது தாய்லாந்தின் பழைய அயுத்தயா அரசின் காலத்தில் நிகழ்வது. வாள், கோல், முகமூடி நடனம் எனப் பலவும் கலந்து வரும் அதன் சண்டைகள் அழகானவை, ஆனால் கதை நடுவழியில் நின்றுவிடும். மூன்றாம் பாகம் எனக்கு ஏமாற்றமே தந்தது.

மூன்றாம் பதில்

அடிகள் ஏன் கனமாகத் தெரிகின்றன என்ற கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. சில ஆண்டுகளாக முவே தாய் பயின்றுவருகிறேன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். இரு கை முட்டிகள், இரு முழங்கைகள், இரு முழங்கால்கள், இரு கால்கள் என எட்டையும் பயன்படுத்துவதால் இதை எட்டு உறுப்புகளின் கலை என்பார்கள். முழங்கையும் முழங்காலும் குறுகிய தூரத்தில்தான் எட்டும் என்பதால், அடிப்பவர் தன் முழு எடையோடும் எதிராளிக்குள் புகுந்தாக வேண்டும். திரையில் நீங்கள் உணர்ந்த கனம் அதுதான். உதைக்கும்போதுகூடப் பாதத்தைவிடக் கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பால் அடிக்கவே நாங்கள் பழகுகிறோம்.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். ‘ஓங் பாக்’கில் வருவது முவே போரான் எனப்படும் பழைய வடிவம். கையுறைக்குப் பதில் கையில் கயிறு சுற்றிக்கொண்டு போரிட்ட காலத்துக்குரியது அது. எகிறி ஏறி உச்சந்தலையில் முழங்கையை இறக்குவதை இன்றைய முவே தாய் மேடைப் போட்டியில் காண்பது அரிது. போட்டியில் கணிசமான பகுதி, எதிராளியின் கழுத்தைப் பின்னிப் பிடித்துக்கொண்டு முழங்காலால் விலாவில் இடிப்பதிலேயே கழியும். பார்வைக்கு மெதுவாக இருப்பதால் சண்டைப் படங்கள் அதைத் தவிர்த்துவிடுகின்றன என்பது என் நெடுநாள் வருத்தம்.

எனவே ‘பியூட்டிஃபுல் பாக்ஸர்’ படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரின்யா சரோன்போன் என்ற திருநங்கை வீராங்கனையின் வாழ்க்கையைச் சொல்லும் அந்தப் படத்தில், அவர் வேடத்தை ஏற்ற அசானி சுவான் உண்மையிலேயே போட்டிகளில் மோதியவர். ஆசிரியரை வணங்கி ஆடும் வாய் க்ரூ சடங்கை அவர் செய்யும் நிதானத்தைப் பாருங்கள்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் நன்றி. நேற்றிரவு ‘பார்ன் டு ஃபைட்’ பார்த்தேன். லாரியிலிருந்து விழும் ஒருவரின் தலைக்கு எவ்வளவு அருகில் சக்கரம் கடந்து போகிறது என்பதைக் கண்டதும் படத்தை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த மனிதர் நலமாக எழுந்து போயிருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அப்போது மனத்தில் ஓடவில்லை. ‘டாம் யம் கூங்’ முழுப் பிரதி கிடைத்துவிட்டது. இந்த வார இறுதியில் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.