புதுப்பிப்பு: டெக்சாஸிலிருந்து பென்சில்வேனியாவுக்கு, வீட்டுக்கல்வியோடு

டெக்சாஸில் மகளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்தினோம், பென்சில்வேனியாவுக்குக் குடிபோனால் அப்படியே தொடரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தொடரலாம், ஆனால் சட்டம் முற்றிலும் வேறு.

டெக்சாஸில் 1994இல் மாநில உச்ச நீதிமன்றம் வீட்டுக்கல்வியைத் தனியார் பள்ளியாகவே ஏற்றுக்கொண்டது. பதிவும் இல்லை, தேர்வும் இல்லை. பென்சில்வேனியாவில் முதல் வேலையே பிரமாணப் பத்திரம். பாடம் தொடங்கும் முன் பள்ளி மாவட்டத்தின் (அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) கண்காணிப்பாளரிடம் கொடுக்க வேண்டும், அப்புறம் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1க்குள். பாடவாரியான நோக்கங்கள், தடுப்பூசிச் சான்று எல்லாம் அதோடு போகும். கற்பிக்கும் பெற்றோர் உயர்நிலைப் பள்ளி முடித்திருக்க வேண்டும்.

ஆண்டுக்கு 180 நாள், அல்லது தொடக்க வகுப்புகளுக்கு 900 மணி நேரம். 3, 5, 8ஆம் வகுப்புகளில் தரப்படுத்தப்பட்ட தேர்வு உண்டு. மகள் மூன்றாம் வகுப்பு என்பதால் எங்களுக்கு இந்த ஆண்டே.

பலர் பயந்து எழுதியது கற்றல் கோப்பு (portfolio) பற்றி. படித்த புத்தகங்களின் பட்டியல், குழந்தையின் எழுத்து மாதிரிகள் எல்லாவற்றையும் சேர்த்து வைக்கத்தான் வேண்டும். ஆனால் 2014இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு கோப்பைத் தகுதியுள்ள மதிப்பீட்டாளர் பார்த்தால் போதும். அவர் குழந்தையோடு பேசி, கோப்பைப் பார்த்துத் தரும் சான்று மட்டும் ஜூன் 30க்குள் பள்ளி மாவட்டத்துக்குப் போகும். எனக்குப் பெரிய நிம்மதி இதுதான்.

தமிழ் பற்றிக் கேட்டவர்களுக்கு: கட்டாயப் பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். அதற்கு மேல் தமிழ் சொல்லித்தரத் தடையில்லை, நாங்கள் தினமும் சொல்லித்தருகிறோம்.