குட்டனுக்க கிளாஸு
(குரூப்: நம்ம வீட்டாளுக)

*செவ்வாய்*

*நாகர்கோவில் மைனி, 7:12:* குட்டனுக்கு போன்ல கிளாஸ் சேத்திருக்கன்னு கேள்விப்பட்டேன். உள்ளதா? கொரோனா நேரத்துல எங்க வீட்டுப் பிள்ளைக போனப் பாத்துப் படிச்ச லெட்சணம் உனக்குத் தெரியும்லா. காசக் கொண்டு கொட்டாத.

*குட்டன் அம்மா, 7:20:* உள்ளதுதான் மைனி. அது நாப்பது பிள்ளைகளுக்க மைக்க அணைச்சு வச்சு நடத்துன கிளாஸு. இது ஒரு டீச்சர், ஒரு பிள்ளை. டிஸ்லெக்சியா, அதாவது எழுத்துக்கூட்டி வாசிக்கதுல சிக்கல் உள்ள பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுக்கதுக்குன்னே படிச்சவங்க, சென்னையில இருக்காங்க. வாரத்துல மூணு நாளு, அரை மணிக்கூர்.

*மார்த்தாண்டம் சித்தி, 7:23:* அது கண்ணுக்க கோளாறா மக்களே? கலர் கண்ணாடி போட்டா எழுத்து ஆடாம நிக்கும்னு ஒரு விளம்பரம் கண்டேன்.

*குட்டன் அம்மா, 7:31:* கண்ணு இல்ல சித்தி. கண்ணையும் காதையும் முதல்லயே டெஸ்ட் பண்ணியாச்சு, ரெண்டும் நல்லா இருக்கு. எழுத்தையும் அதுக்க சத்தத்தையும் சேத்துப் பிடிக்கதுலதான் அவனுக்குச் சிக்கல். புத்திக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இதுக்கு மருந்து கிடையாது. கலர் கண்ணாடியும் கண்ணுப் பயிற்சியும் வாசிக்க வைக்காது. முப்பது நாளுல சரியாக்குவோம்னு சொல்லுக ஆளுகிட்ட மட்டும் போகவே கூடாது சித்தி, காசக் கொண்டு கொட்டுகது அங்கதான்.

*அப்பா, 7:40:* ராத்திரி நான் சொல்லுக கதைய மறுநாளு ஒரு வரி விடாமத் திருப்பிச் சொல்லுகான். புஸ்தகத்தத் திறந்தா வேர்த்துப் போகான். நான் அத மடின்னு நெனச்சு எத்தனையோ தடவ ஏசியிருக்கேன்.

*குட்டன் அம்மா, 7:52:* நானும் ஏசியிருக்கேன் அப்பா. "கோழி"ய அவன் எப்படிப் பாக்கான்னு இப்பதான் எனக்கே விளங்கிச்சு. இடப்பக்கத்துல இருந்து வாசிக்கணும்னு நாமதான சொல்லிக்குடுத்தோம்? அவன் அதத்தான் செய்யுகான். முதல்ல இரட்டைக்கொம்பு நிக்கி, அதுக்குத் தனியா ஒரு சத்தமும் இல்ல. அடுத்து க. அடுத்து கால். "கே... கா..."ன்னு முட்டி நிப்பான். கண்ணு காணுக வரிசை வேற, வாயி சொல்லுக வரிசை வேற. மத்த பிள்ளைக இத எப்படியோ மொத்தமாப் பிடிச்சுக்கிடுது. இவனுக்கு ஒவ்வொண்ணா அவுத்துக் காட்டணும்.

*குட்டன் அம்மா, 7:58:* டீச்சர் அட்டை வெட்டி வைக்கச் சொன்னாங்க. எழுத்து கறுப்பு, கொம்பும் காலும் சிவப்பு. முதல்ல "க்"னு சத்தம், பெறகு "ஓ", ரெண்டையும் சேத்து "கோ". சத்தம் வாயில வந்த பெறகுதான் கொம்ப இடப்பக்கமும் கால வலப்பக்கமும் வைக்கணும். உடனே அதே எழுத்த மணல்ல விரலால எழுதணும், எழுதும்போதே சொல்லணும். கண்ணு, காது, வாய், கை எல்லாம் ஒரே நேரத்துல. 1930கள்ல அமெரிக்காவுல ஆர்ட்டன்னு ஒரு டாக்டரும் கில்லிங்ஹாம்னு ஒரு டீச்சரம்மாவும் இங்கிலீஷுக்கு உண்டாக்குன முறையாம். இவங்க அதத் தமிழுக்குத் தக்க மாத்தி வச்சிருக்காங்க.

*அப்பா, 8:03:* மணல்லயா? எங்க ஆசானும் மணலப் பரப்பி, விரலப் பிடிச்சு, சத்தமாச் சொல்ல வச்சுத்தான எழுதப் பழக்குனாரு. நாளைக்கு ஆத்துமணல் அரிச்சுத் தாறேன். கல்லு கிடந்தா பிள்ளைக்கு விரலு நோவும்.

*நாகர்கோவில் மைனி, 8:05:* அப்ப போன் எதுக்கு, வீட்டுலயே செய்யலாம்லா?

*குட்டன் அம்மா, 8:14:* எந்த எழுத்துக்குப் பெறகு எந்த எழுத்து, எங்க நிறுத்தணும், எங்க திரும்ப வரணும்னு அவங்களுக்குத்தான் தெரியும் மைனி. ஆனா ஒண்ணு, போன மட்டும் முன்னால வச்சுட்டுப் போனா வேலைக்காகாது. முதல் வாரம் நான் அடுக்களையில நின்னேன். அவன் கொம்ப வலப்பக்கம் வச்சுக்கிட்டு இருந்திருக்கான், போனு முகத்தத்தான் காட்டுச்சு. இப்ப ரெண்டு சம்படத்த அடுக்கி, அதுக்கு மேல போனக் கவுத்தி, அவனுக்க கை தெரியுக மாதிரி வச்சிருக்கேன். போன் ஸ்பீக்கர்ல ல, ள, ழ மூணும் ஒண்ணு போலக் கேட்டுச்சு, வயர் ஹெட்போன் வாங்குன பெறகு தேவலை. டீச்சரால விரலப் பிடிக்க முடியாதுலா, அதுக்கு நான் பக்கத்துல இருந்தே ஆகணும்.

*குலசேகரம் அண்ணன், 8:31:* குரல் பதிவு 1:48

*குட்டன் அம்மா, 8:44:* அப்பாவுக்குக் காது சரியாக் கேக்காது, அண்ணன் சொன்னத அப்படியே டைப் பண்ணுகேன்: "எனக்கும் இதே கொம்புதான் மோளே. எட்டாங்கிளாஸோட நிறுத்துனது படிக்க மனசில்லாம இல்ல. வாசிக்க எழும்பி நின்னா எழுத்து ஒண்ணோட ஒண்ணு சேராது. சார் கைய நீட்டச் சொல்லி முட்டியில ஸ்கேலால அடிச்சாரு. குரூப்புல நான் டைப் பண்ணாததுக்கு, ரப்பர் பால் ஒட்டுன கைன்னு சொல்லுவேன்லா, அது இல்ல காரணம். குட்டன யாரும் ஏசாதீங்க."

*அப்பா, 9:02:* மக்கா, எனக்குத் தெரியாமப் போச்சே.

*மார்த்தாண்டம் சித்தி, 9:03:* அவனச் சொல்லிக் குத்தமில்ல, உங்களச் சொல்லியும் குத்தமில்ல அத்தான். அந்தக் காலத்துல யாருக்குத் தெரியும்.

*குட்டன் அம்மா, 9:10:* டீச்சர் முதல் நாளே கேட்டாங்க, வீட்டுல வேற யாருக்காவது உண்டான்னு. குடும்பத்துல வழிவழியா வரும்னாங்க. நான் இல்லன்னு சொல்லிட்டேன் அண்ணே.

*நாகர்கோவில் மைனி, 9:15:* பரீட்சைக்கு என்ன செய்வ?

*குட்டன் அம்மா, 9:19:* 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு சொல்லியிருக்கு, டிஸ்லெக்சியா மாதிரி கற்றல் குறைபாடும் அதுல உண்டு. சான்றிதழ் இருந்தா கூடுதல் நேரமும், சொல்லச் சொல்ல எழுதுகதுக்கு ஆளும் கேக்கலாம். ஸ்கூல்ல சொன்னதுக்கு, டியூஷன் வைங்க எல்லாம் சரியாகும்னாங்க. நான் விடப் போறதில்ல.

*வியாழன்*

*குட்டன் அம்மா, 6:05:* தக்கலை பஸ் ஸ்டாண்டுல நின்னோம். ஒரு பஸ்சுக்க போர்ட அவனே வாசிக்கத் தொடங்கினான், நான் கேக்கல்ல. கோ... ழி... ப்... போ... ர்... "போ"வுல கொஞ்சம் நின்னான், தொடையில விரலால கொம்பும் காலும் போட்டுப் பாத்தான். "வி"க்கு வந்தப்ப கண்டக்டர் விசில் அடிச்சு பஸ்சு எடுத்துட்டு. "அம்மா, கோழிப்போர்விளை பஸ்சாக்கும்"னான். கடைசி எழுத்து ரெண்டையும் ஊகிச்சிருப்பான். இருந்தாலும் கோவும் போவும் அவன் வாசிச்சதுதான்.

*அப்பா, 6:09:* என் பிள்ளை.

*குலசேகரம் அண்ணன், 6:30:* குரல் பதிவு 0:14

*குட்டன் அம்மா, 6:33:* அண்ணன் நாளைக்கு ரப்பர் வெட்டு முடிச்சிட்டு நாலு மணிக்கு வாறாங்களாம், கிளாஸுல குட்டன் பக்கத்துல இருக்கதுக்கு. வாங்க அண்ணே. அட்டை இன்னொரு செட்டு வெட்டி வைக்கேன்.